படித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பகிர்வதும் பரிந்துரைப்பதும்: வாசகர் வட்ட நண்பர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் நாவல் என்று பேச்செடுத்தால் சுந்தர ராமசாமி, தோப்பில் முஹம்மது மீரான், பொன்னீலன், நாஞ்சில் நாடன், ஜெயமோகன் ஆகியோரின் பெயர்கள் உடனே வந்துவிடும். அந்தப் பெருமைக்கு இந்த மண் முழுத் தகுதி உடையது. அதே மண்ணில் துப்பறியும் நாவல், திகில் நாவல், சரித்திர நாவல், அறிவியல் புனைகதை, குடும்பக் காதல் கதை ஆகியவற்றை விரும்பிப் படிப்பவர்களும் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், அவர்களில் பலர் சற்றுத் தயங்கி, சும்மா பொழுதுபோக்குக்கு ஒன்று என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். படித்ததைப் பகிர்வதற்கு முதலில் கைவிட வேண்டியது அந்தத் தயக்கத்தைத்தான். புத்தகத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் நிமிர்ந்து சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கும் குரலில் அறிமுகம் செய்யப்படும் நாவலை யாரும் கை நீட்டி வாங்கமாட்டார்கள்.

இவ்வகை நாவல்களைப் பரிந்துரைப்பது மற்றவற்றைப் பரிந்துரைப்பதைவிடக் கடினம் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு வகையும் படிக்கத் தொடங்கும்போதே வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. துப்பறியும் கதை, புதிர் விடுபடும் என்கிறது. திகில் கதை, பயம் கிடைக்கும் என்கிறது. காதல் கதை, இருவரும் சேர்வார்கள் என்கிறது. அந்த வாக்கு எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் நாவல் கெட்டுவிடும். ஒன்றும் சொல்லாமல் 'அருமையான கதை, படித்துப் பாருங்கள்' என்று மட்டும் சொன்னால், கேட்பவருக்கு முடிவெடுக்க எந்த உதவியும் கிடைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கதையைச் சொல்லாமல், கதை நடத்தப்படும் விதத்தைச் சொல்வதே அது. வேகம் எப்படி, பயம் எந்த வகை, தடயங்கள் நேர்மையாக வைக்கப்பட்டிருக்கின்றனவா, எத்தனை பக்கம் பொறுத்தால் கதை பிடிக்கும், எந்த மனநிலையில் எடுக்கக் கூடாது என்பவற்றையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம்.

பரிந்துரைக்கும் முன் கேட்க வேண்டியவை

சாப்பிட அழைக்கும் முன் வருகிறவர் சைவமா அசைவமா என்று கேட்டுக்கொள்வதைப் போல, நூலைச் சொல்லும் முன் ஆளைக் கேட்க வேண்டும். பிடித்த நூல் எது என்ற கேள்வியைவிட, எந்த நூலை, எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள் என்ற கேள்வி நமக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும். பிடித்த நூலைச் சொல்லும்போது பலரும் ஊரறிந்த பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். பாதியில் வைத்த நூலைச் சொல்லும்போதுதான் உண்மையான ருசி வெளிப்படும். வடசேரிப் பேருந்து நிலையத்தில் நின்றபடி இரண்டு பேர் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்:

"அண்ணாச்சி, இப்ப என்னவாக்கும் படிக்கிய?"

"ஒண்ணும் இல்ல மக்கா. போன மாசம் ஒரு சரித்திரக் கதை எடுத்தேன், பாதியில வச்சாச்சு."

"எந்த எடத்துல வச்சிய?"

"சண்ட முடிஞ்சு அரண்மனைக்குள்ள பேச்சு வந்தப்பம் மடுத்துப்போச்சு."

இந்த நான்கு வரிகளில் வேண்டியது எல்லாம் கிடைத்துவிடுகிறது. அண்ணாச்சிக்குச் சரித்திரம் சலிக்கவில்லை. அரசியல் சூழ்ச்சிப் பேச்சுதான் சலித்திருக்கிறது. அவரிடம் சரித்திரத்தை விட்டுவிட்டு வேறு எதையாவது படியுங்கள் என்று சொல்வது தவறான பரிந்துரை. கடற்பயணமும் துரத்தலும் நிறைந்த மற்றொரு சரித்திர நாவலைச் சொல்வதே பொருத்தம்.

அடுத்து, அவருக்கு எப்போது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் விடியும் முன்பே ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு மதியத்துக்குப் பிறகு நேரம் இருக்கும். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டு வெட்டு நின்றுபோன நாள்களில் முழுப் பகலும் கிடைக்கும். அவருக்கு ஐந்து பாகக் கதையைத் துணிந்து சொல்லலாம். நாகர்கோவிலிலிருந்து சீசன் டிக்கெட்டில் தினமும் திருவனந்தபுரம் போய்வரும் அலுவலருக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இரணியலில் ஒரு கூட்டம், குழித்துறையில் ஒரு கூட்டம் ஏறும்போது கவனம் அறுந்துபோகும். அவருக்கு அத்தியாயம் சிறியதாகவும், பாத்திரங்கள் குறைவாகவும், விட்ட இடம் எளிதில் நினைவுக்கு வருவதாகவும் உள்ள நாவல் வேண்டும். நூல் ஒன்றாகவே இருந்தாலும், ஒருவருக்கு ஏற்றது மற்றவருக்குச் சுமையாகிவிடும்.

பாதியில் இருக்கும்போது பேசுவது

முடித்த நூலைப் பற்றிப் பேசுவது எளிது. பாதியில் இருக்கும் நூலைப் பற்றிப் பேசுவதற்குத்தான் பழக்கம் வேண்டும். வாசகர் வட்டத்தில் மிகவும் சுவையான பேச்சும் அதிலிருந்தே பிறக்கிறது. முதலில், நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்: இத்தனையாவது பக்கம், இத்தனையாவது பாகம். அதைச் சொல்லிவிட்டால், ஏற்கெனவே முடித்தவர்கள் அந்த எல்லையைத் தாண்டாமல் பேசுவார்கள். அடுத்து, உங்களைப் பிடித்து இழுத்த ஓர் இடத்தை மட்டும் விவரியுங்கள். அது முதல் கால்பகுதிக்குள் இருப்பது நல்லது. கதைச் சுருக்கம் வேண்டாம். சுருக்கம் சொல்லத் தொடங்கியவர்கள் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தாங்கள் படித்த கடைசிப் பக்கம் வரை வந்துவிடுவார்கள்.

கொலையாளி யார் என்று உங்களுக்கு ஒரு ஊகம் இருந்தால் அதைக் கூட்டத்தில் சொல்லாதீர்கள். ஊகம் சரியாக இருந்தால், அதே நூலை அடுத்து எடுப்பவருக்கு நீங்கள் புதிரை விடுவித்துவிட்டீர்கள். தவறாக இருந்தாலும், நூலை முடித்த ஒருவர் முகத்தில் தோன்றும் சிரிப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊகத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு, முடித்த பிறகு நூலை முடித்த மற்றொருவரிடம் காட்டிப் பேசுவது மகிழ்ச்சியான வழக்கம். வட்டத்தில் ஒரே நூலை இருவர் படித்துக்கொண்டிருந்தால், பின்தங்கி இருப்பவரை முதலில் பேசவிடுங்கள். முன்னால் சென்றவர் முதலில் பேசினால், எவ்வளவு கவனமாகப் பேசினாலும் எதையாவது சிந்திவிடுவார்.

கதையை உடைப்பது என்றால் முடிவைச் சொல்வது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். கடைசியில் பெரிய திருப்பம் ஒன்று இருக்கிறது என்று சொல்வதும் உடைப்பதே. அதைக் கேட்டவர் ஒவ்வொரு பக்கத்திலும் திருப்பத்தைத் தேடிக்கொண்டே போவார். ஆசிரியர் விரித்த வலைக்குள் இயல்பாக நடந்து செல்லும் சுகம் அவருக்குக் கிடைக்காது. அகதா கிறிஸ்டி 1920-களில் எழுதிய ஒரு நாவலின் முடிவு நியாயமா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அது எந்த நாவல் என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. பெயரைச் சொன்னாலே, அதைப் படிக்கவிருப்பவர் விழித்துக்கொள்வார்.

துப்பறியும் நாவல்

இவ்வகையில் முதலில் சொல்ல வேண்டியது, புதிர் எங்கே இருக்கிறது என்பது. யார் செய்தது என்ற கேள்வியோடு ஓடும் கதைகள் ஒரு பக்கம். குற்றவாளியை முதலிலேயே காட்டிவிட்டு, அவன் எப்படிப் பிடிபடுவான் என்று காத்திருக்க வைக்கும் கதைகள் மறுபக்கம். இரண்டாவது முறையை ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1912-இல் வெளியிட்ட கதைகளில் கையாண்டார். இதைச் சொல்வதால் எந்த நாவலும் கெடாது. கொலையாளியின் பெயர் மூன்றாம் பக்கத்திலேயே வந்துவிட்டதே என்று வாசகர் ஏமாறாமல் இருக்கவும் உதவும்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது தடயங்களின் நேர்மை. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்ற விதிகளை 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் வகுத்தார். நம்முடைய மாத நாவல்களில் பல இந்த விதிகளைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றின் இன்பம் வேகத்தில் இருக்கிறது, புதிர்க்கணக்கில் இல்லை. ராஜேஷ்குமாரின் நாவல்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகத் தோன்றும் இரண்டு கதைகள் மாறி மாறி ஓடி, பிற்பகுதியில் ஒன்றாகச் சேர்வதைப் பார்க்கலாம். குறிப்பேடும் பென்சிலுமாகத் தடயம் தேடுகிறவரிடம் இதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

ஆசிரியரின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவது இவ்வகையில் பயனற்றது. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500-ஐத் தாண்டியவை. 'ராஜேஷ்குமார் படியுங்கள்' என்பதை ஒரு பரிந்துரையாகவே கொள்ள முடியாது. தலைப்பைச் சொல்ல வேண்டும், முடிந்தால் வெளிவந்த காலத்தையும் சொல்ல வேண்டும். தொடர் பாத்திரங்கள் வரும் கதைகளில் வரிசை முக்கியமா என்பதையும் தெளிவாக்க வேண்டும். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோரின் கதைகளில் பெரும்பாலானவற்றை எங்கிருந்தும் தொடங்கலாம். சுஜாதாவின் முதல் கதைகளில் கணேஷ் தனியாக வருவார், வசந்த் பின்னால்தான் வந்து சேர்ந்தார் என்பதை மட்டும் சொல்லிவைத்தால் போதும்.

விளவங்கோடு பக்கத்தில் மூத்த வாசகர்கள் சிலருக்கு மலையாளமும் படிக்கத் தெரியும். அவர்களிடம் பேசினால் டிடெக்டிவ் மார்க்சினும் புஷ்பராஜும் வரும் கோட்டயம் புஷ்பநாத்தின் பெயர் நிச்சயம் வரும். அவர்களிடமிருந்து பரிந்துரை பெறுவது நமக்கு ஒரு கூடுதல் வாசல். ஆனால் மலையாளத்தில் படித்ததை அடுத்தவரிடம் சொல்லும்போது, தமிழில் கிடைக்கிறதா இல்லையா என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

சரித்திர நாவல்

இங்கே வாசகரின் முதல் பயம் நீளம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தது. வாரத் தொடர் என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்குக் காத்திருக்க வைக்கும்படி முடிகிறது. இதை விளக்கி, நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயங்கள் என்று படிக்கச் சொன்னால், மலைத்து நின்றவர்களும் தொடங்கிவிடுவார்கள். அதற்கும் தயங்குகிறவருக்குப் 'பார்த்திபன் கனவு' ஏற்றது. 'பொன்னியின் செல்வன்', 'சிவகாமியின் சபதம்', 'பார்த்திபன் கனவு' என்ற கல்கியின் மூன்று சரித்திர நாவல்களில் அதுவே சிறியது. அதன் கதை நடக்கும் காலம் 'சிவகாமியின் சபத'த்துக்குப் பிந்தியது, ஆனால் எழுதப்பட்டது அதற்கு முன். கதைக் காலத்தின் வரிசையில் படிப்பதா, எழுதிய வரிசையில் படிப்பதா என்று கேட்பவர்களுக்கு நான் எழுதிய வரிசையையே சொல்வேன். சிறிய நூலில் கல்கியின் நடை பழகிய பிறகு பெரிய நூலுக்குள் நுழைவது எளிது.

சரித்திரம்தான் எல்லோருக்கும் தெரியுமே, அதைச் சொல்வதில் என்ன குற்றம் என்று சிலர் கேட்கிறார்கள். யார் எப்போது அரியணை ஏறினார்கள் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது; அதைச் சொல்லலாம். ஆசிரியர் கற்பனையாகச் சேர்த்த பாத்திரங்களின் கதியையும், மாறுவேடங்களையும், உறவு ரகசியங்களையும் சொல்லக் கூடாது. சரித்திர நாவலின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

ஊரோடு நூலை இணைத்துச் சொல்வது இவ்வகைக்கு மிகவும் பொருந்தும். சோழர் கதைகள் என்றால் தஞ்சாவூருக்கு உரியவை என்று ஒதுங்கும் நாகர்கோவில் வாசகரிடம், கோட்டாறு சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்று அழைக்கப்பட்டதைச் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார். சி.வி.ராமன்பிள்ளை 1891-இல் மலையாளத்தில் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நம் பகுதியையே களமாகக் கொண்ட நாவல். அதை ஒருவருக்குக் கொடுக்கும்போது உள்ளே வைக்கத்தக்க சீட்டு ஒன்றை இப்படி எழுதலாம்:

"மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த பழைய சரித்திர நாவல். பத்மநாபபுரமும் தக்கலைச் சுற்றுவட்டாரமும் வருகின்றன. மார்த்தாண்டவர்மா இளவரசராக இருந்த காலத்து வாரிசுப் போட்டிதான் கதை. 1741-இல் நடந்த குளச்சல் போர் இதில் இல்லை, அதை எதிர்பார்த்து எடுக்க வேண்டாம். ஆள்பெயர்களும் வீட்டுப்பெயர்களும் அதிகம், ஒரு தாளில் குறித்துக்கொண்டே படியுங்கள். நடை பழையது, நிதானமாகப் போகும். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் தொடங்கினால் நன்றாகப் பிடிக்கும்."

இந்தச் சீட்டில் கதை இல்லை. ஆனால் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையான எல்லாம் இருக்கிறது. குறிப்பாக, நூலில் இல்லாதது எது என்று சொல்லும் வரியை எந்தச் சீட்டிலும் விட்டுவிடாதீர்கள். ஏமாற்றங்களில் பாதி, நூலில் இல்லாத ஒன்றைத் தேடிப் போவதால் வருவது.

திகில், அறிவியல், குடும்பக் கதை

திகில் நாவலைப் பரிந்துரைப்பதில் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு கூடுதல் கவனம் வேண்டும். கள்ளியங்காட்டு நீலியின் கதை இங்கே வில்லுப்பாட்டில் பாடப்படும் கதை. இசக்கியம்மன் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். வேறு ஊர் வாசகருக்கு வெறும் பேய்க்கதையாகத் தெரிவது, இங்கே ஒருவருடைய வீட்டு வழிபாட்டைத் தொடக்கூடும். ஆகவே, நாவல் அத்தெய்வங்களைக் கொடிய பேயாக மட்டும் காட்டுகிறதா, பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையின் நினைவாகக் காட்டுகிறதா என்பதைச் சொல்லிக் கொடுங்கள். பயத்தின் வகையையும் சொல்லுங்கள்: இரத்தமும் வெட்டும் நிறைந்ததா, ஒன்றும் காட்டாமல் நடுங்க வைப்பதா, இறுதியில் மனிதச் சதி என்று விளக்கிவிடுவதா. மூன்றாவதைச் சொல்வது முடிவை உடைப்பதாகும் என்பதால், கேட்பவர் தாமாக வற்புறுத்திக் கேட்டால் தவிர வாய் திறக்க வேண்டாம். குழந்தைகள், தனியாக இருப்பவர்கள், அண்மையில் வீட்டில் இழப்பைச் சந்தித்தவர்கள் ஆகியோருக்கு இவ்வகையை நாமாகச் சொல்லாமல் இருப்பதே பண்பு.

அறிவியல் புனைகதையைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வி போதும்: அறிவியல் பிழை இருந்தால் உங்களுக்கு உறுத்துமா? மகேந்திரகிரியிலோ தும்பாவிலோ விண்வெளித் துறையில் பணியாற்றும் வாசகர்கள் நம் வட்டங்களில் உண்டு. அவர்களில் சிலருக்கு உறுத்தும், சிலருக்கு உறுத்தாது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வருங்காலமாகக் காட்டும் 2022-ஆம் ஆண்டு இப்போது கடந்துபோய்விட்டது. அதை இளைய வாசகரிடம் கொடுக்கும்போது இச்செய்தியைச் சொல்லிக் கொடுத்தால், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒப்பிட்டுப் படிக்கும் ஆர்வம் கூடும்.

குடும்பக் காதல் கதைகளைப் பற்றிப் பேசும்போது குரலில் இளக்காரம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரமணிசந்திரன் நாவல்களை வரிசையாகப் படித்து முடித்த ஒரு பெண்மணியின் வாசிப்பு, எண்ணிக்கையிலும் கவனத்திலும் வட்டத்தில் பலரை மிஞ்சியதாக இருக்கும். இருவரும் இறுதியில் சேர்வார்கள் என்பது இங்கே ரகசியமே இல்லை. அவர்கள் கேட்க விரும்புவது வேறு: நாயகன் நாயகியை இழிவாக நடத்தும் இடங்களை ஆசிரியர் நியாயப்படுத்துகிறாரா, நாயகிக்குத் தனக்கென்று வேலையும் சொல்லும் இருக்கிறதா, மாமியார் வில்லியாக மட்டும் வருகிறாரா. இவற்றுக்கு நேரான பதில் சொல்லத் தெரிந்தால், உங்கள் பரிந்துரையை அவர்கள் நம்பத் தொடங்குவார்கள்.

பிரதியைக் கொடுக்கும்போது

மாத நாவல்களில் பழைய கதையைப் புதிய அட்டையுடன் மறுபதிப்பாகக் கொண்டுவருவதும், ஒரே இதழில் இரண்டு கதைகளைச் சேர்ப்பதும் வழக்கம். எந்தக் கதையைச் சொல்கிறீர்கள் என்பதைத் தலைப்போடு குறித்துக் கொடுங்கள். வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்த தொடர்கதைகள் இன்னும் பல வீடுகளில் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்கும் முன் எந்த வாரத்துப் பகுதி விட்டுப்போயிருக்கிறது என்று புரட்டிப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். துப்பறியும் தொடரில் கடைசிக்கு முந்தைய அத்தியாயம் இல்லாத பிரதியைக் கொடுப்பது பெரிய கொடுமை. வாடகை நூலகத்திலிருந்து வந்த பழைய பிரதிகளில், முன்பு படித்த யாரோ ஒருவர் ஓரத்தில் இவன்தான் கொலைகாரன் என்று எழுதி வைத்திருக்கக்கூடும். ஓரங்களை ஒருமுறை பார்த்து, அப்படி இருந்தால் அதன்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டிக் கொடுங்கள்.

கொடுத்த பிறகு

கொடுத்த மறுவாரமே படித்தாயிற்றா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பரிந்துரையைக் கடனாக்கிவிடும். அவராகப் பேச்செடுக்கும்வரை காத்திருந்து, எடுத்ததும், பிடித்ததா என்று கேட்காமல் எந்த இடத்தில் வேகம் பிடித்தது என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் நூலுக்காக வாதாட வேண்டாம். எந்தப் பக்கத்தில் வைத்தார் என்பதைக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதிக்கொள்ளுங்கள்: நூல், நின்ற இடம், சொன்ன காரணம். ஒருவருக்கு இப்படி மூன்று நான்கு குறிப்புகள் சேர்ந்துவிட்டால் அவருடைய ருசி துலங்கிவிடும். மூன்றும் நடுப்பகுதியில் நின்றிருந்தால் அவருக்கு வேண்டியது சிறிய நாவல். மூன்றும் முதல் அத்தியாயத்திலேயே நின்றிருந்தால் நாம் சொல்லிவந்த வகையையே மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்த பரிந்துரையை அவர் வாங்கிச் செல்லும்போது, அவர் இப்போது படித்துக்கொண்டிருப்பதில் ஒன்றை உங்களுக்குச் சொல்லும்படி கேளுங்கள். அவர் சொல்லும் நூல் உங்களுக்குப் பழக்கமில்லாத வகையைச் சேர்ந்ததாக இருந்தால், அதை எடுத்து முதல் ஐம்பது பக்கங்களாவது படித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள்.